நடேசனுக்கு ஒரு கேன் கடல்

"அய்யய்யோ... என் கடல் போச்சே!"

செகந்திராபாத் ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டி வந்து நின்ற காலை. கோடை மழை தகரக் கூரையில் தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது. உருண்டு கிடந்த வெள்ளைக் கேனைப் பார்த்து ஓர் இளைஞன் இப்படிக் கத்தினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? மங்கையர்க்கரசிக்கும் வந்தது. ஆனால் கேன் கவிழ்ந்ததே அவள் கால் தட்டித்தான். சிரிப்பை உதட்டுக்குள்ளேயே அடக்கிக்கொண்டாள்.

"ஸாரி சார்... தண்ணிதானே? குழாய் அதோ இருக்கு."

"தண்ணிதானேன்னா சொல்லுதீங்க? மெரினாத் தண்ணிங்க! ஊருக்குப் போன சிநேகிதன்கிட்ட கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டாரச் சொன்னது..."

"கைக்கு சார்?" 'எதற்கு' என்பது அவள் வாயில் ஊர் உருதுவாகத்தான் வரும். "இந்த ஊர்ல உப்புக்குப் பஞ்சமா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கண்களில் கோபமே இல்லை... தூக்கம் கெட்ட தவிப்பு மட்டும்தான்.

"வீட்டுல கடல் விலாங்கு ஒண்ணு வச்சிருக்கேன். அதுக்குத்தான்."

பாவமாக இருந்தது அவளுக்கு. "எங்கப்பா இதே வண்டியில ஃபர்ஸ்ட் கிளாஸ் அட்டெண்டர். மெட்டுகுடா குவார்ட்டர்ஸ்ல இருக்கோம். அடுத்த தடவை ஒரு கேன் கொண்டாரச் சொல்றேன். போதுமா?"

"நெசமாவா?" என்றான் அவன். மழையில் நனைந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சம்! அதை நினைத்து நினைத்து அன்று ஆபீஸில் அவள் டைப் அடித்ததெல்லாம் தப்பு.

அவன் பெயர் ஜகதீசன். தூத்துக்குடிக்காரன். மத்திய சர்க்கார் கம்பெனி ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன். பேகம்பேட்டில், அவள் ஆபீஸுக்கு அடுத்த சந்திலேயே குடியிருந்தான். சொன்னபடி அப்பா அய்யாக்கண்ணு கொண்டுவந்த கேனை அவள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். வீட்டுக்காரம்மா ருக்மிணி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

கண்ணாடித் தொட்டிக்குள் வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகளோடு ஒன்று மேலும் கீழும் அலைந்துகொண்டிருந்தது. மூலைக்கு மூலை முட்டியது. தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி வாயைப் பிளந்தது. மூடிப் பலகை மேல் ஜகதீசன் அம்மிக் குழவியைப் பாரம் வைத்திருந்தான்.

"எங்க ஆபீசர் சீதாராமன் டெல்லிக்கு மாற்றலாகிப் போறப்ப கொடுத்துட்டுப் போனார். அவர் வீட்டுல நாளெல்லாம் இந்தக் கல்லுப் பொந்துக்குள்ள படுத்து, தலையை மட்டும் நீட்டிக்கிட்டுக் கிடக்கும். இங்க வந்ததுலேர்ந்து இதே கூத்துதான். இறாலைக் காட்டினாக்கூடத் திரும்பிப் பாக்க மாட்டேங்குது."

"ஒரு நிமிஷம் சும்மா இல்லாம ஆடுதே... நடேசன்னு பேர் வைங்க."

முதல் தடவையாக அவன் வாய்விட்டுச் சிரித்தான். தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. மே மாத வெயில், தலைக்கு மேல் ஓயாத மின்விசிறி... இறங்கிய அளவுக்குக் கடல் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து ஊற்றினான். கண்ணாடி விளிம்பில் கோலமாவு கொட்டினாற்போல வெள்ளை படிந்திருந்ததை அவள் விரலால் தேய்த்துப் பார்த்தாள். என்னவென்று கேட்கத் தோன்றவில்லை. அவன் பேசிக்கொண்டிருந்தான் அல்லவா!

"எனக்கும் இந்த ஊர் ஒட்டலைங்க. காத்துல உப்பு வாசனையே இல்லை. மெட்ராஸுக்கு மாற்றல் கேட்டிருக்கேன்."

எதற்காக அவள் நெஞ்சு அப்போது திடுக்கிட்டது? பார்த்து இரண்டு தடவைதானே ஆகிறது... போனால் போகட்டுமே!

ஆனாலும் அப்பா ஊர் போய் வரும்போதெல்லாம் கேன் வந்தது. கேனோடு அவளும் வந்தாள். நடேசனோ நாளுக்கு நாள் மோசமானான். ஒரு மாலை அவள் உள்ளே நுழைந்ததும் ஜகதீசன் சீறினான்.

"உங்க தண்ணிதாங்க சரியில்லை! ஊத்த ஊத்த இது இன்னும் துடிக்குது. உங்கப்பா கூவம் வந்து கலக்குற இடத்துல மொண்டுட்டாரோ என்னமோ!"

"எங்கப்பாவா?" கேனை டக்கென்று கீழே வைத்தாள். "முட்டளவு தண்ணியில எறங்கி, பேன்ட் நனைய மொண்டு, ரயில் முழுக்கக் காலுக்கடியில வச்சுக் காவல் காத்துக் கொண்டாறார்... அவரையா சொல்றீங்க?"

"பின்னே என்ன? இது செத்துட்டா மாற்றல் வந்ததும் நான் கிளம்பிருவேன். ஆர்டர் ரெடியாம், சம்மதமான்னு கேட்டுட்டாங்க. இந்த ஊர்ல எனக்கு வேற என்ன இருக்கு?"

வேற என்ன இருக்கு...

அப்பாவைச் சொன்னதைவிட அதுதான் சுருக்கென்று தைத்தது. "நக்கோ, வேணாம்! இனிமே கேனும் வராது, நானும் வரமாட்டேன்!" கண்ணீரை அவன் பார்ப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

அப்புறம் எந்த வேலையும் ஓடவில்லை. அந்தச் சந்து வழியே போவதில்லை என்று வைராக்கியம். ஆனால் சந்து முனையில் கால் தானாக நின்றது. நடேசன் பிழைத்திருப்பானா? ஜகதீசன் கிளம்பிவிட்டானா? ச்சே, எக்கேடு கெட்டால் எனக்கென்ன...

அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் சாம்பாரை வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றவள் அப்படியே மறந்துபோனாள். சாப்பிட உட்கார்ந்த அப்பா ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா அரசி, உப்பு மூட்டையையே கவுத்துட்டியா?"

"அளவாத்தான்பா போட்டேன்..."

அம்மா ராஜம் எட்டிப் பார்த்தாள். "நல்லா சுண்டிப்போச்சுடி. தண்ணி ஆவியாப் போவும், உப்பு எங்க போவும்? கொஞ்சம் வெந்நீர் ஊத்து, சரியாயிடும்."

கரண்டி கையிலேயே நின்றது. கண்ணாடி விளிம்பில் வெள்ளைக் கோலமாவு... மின்விசிறி... இறங்க இறங்க ஊற்றிய கடல் தண்ணீர்! வற்றியது வெறும் தண்ணீர். அவன் ஊற்றியதோ மேலும் மேலும் உப்பு!

"அப்பா, இதோ வந்துடறேன்!"

வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பேகம்பேட்டில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது பருவத்தின் முதல் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. ருக்மிணியம்மாவின் பித்தளை அண்டாவை முற்றத்தில் இழுத்துப் போட்டு, மொட்டைமாடிக் குழாய் வழியே கொட்டிய மழையைப் பிடித்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த ஜகதீசன் அவளைக் கண்டு திகைத்துப்போனான்.

"நீங்களா?"

"உசிரோட இருக்கா?"

"அடியில கிடக்கு... மூச்சு மட்டும்..."

"தண்ணி கெட்டதில்ல சார், சுண்டினது! ஊறுகாய்ல போட்ட மாதிரி தவிக்குது அது. கொஞ்சம் மொண்டு வெளிய ஊத்துங்க. மழைத்தண்ணியை ஒவ்வொரு டம்ளரா விடலாம். அவசரப்படாதீங்க!"

அவன் தொட்டியில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தான். முகம் கோணியது. "கடல்ல பொறந்து வளந்தவன் நான்... இது தெரியலையே."

"கடல் வத்திப் பாத்திருக்கீங்களா? எப்படித் தெரியும்?"

ஒரு டம்ளர்... கொஞ்சம் பொறுத்து இன்னொரு டம்ளர்... வாசலில் ருக்மிணியம்மா விளக்கேற்றிய நேரம். நடேசன் மெல்ல நெளிந்தான். கல்லைச் சுற்றி ஒரு வட்டம். பிறகு வால் முதலில் பொந்துக்குள் போய், தலையை மட்டும் வெளியே நீட்டி... அப்பாடா, அடங்கிவிட்டான்!

"இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடுதே?" என்றாள் கவலையோடு.

"அது அதுக்கு இயல்பாம். மூச்சு விடுறதே அப்படித்தானாம். சீதாராமன் சார் சொன்னார்."

அரசி திரும்பிப் பார்த்தாள். அவனும் வாயைத் திறந்தான்... மூடினான்... மறுபடி திறந்தான்.

"உங்களுக்கு என்ன சார்? மூச்சா, பேச்சா?"

அவன் முகம் சிவந்துபோயிற்று. "மாற்றல் வேண்டாம்னு நாளைக்குச் சொல்லிருவேன்."

"கைக்கு? இந்த ஊர்லதான் உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"கிறுக்கன் மாதிரி சொல்லிட்டேங்க. நீங்க வராத நாளெல்லாம் தொட்டிக்குள்ள அது அலைஞ்சுது, வெளிய நான் அலைஞ்சேன். அப்பதான் தெரிஞ்சுது..." தொட்டியை விட்டு அவள் பக்கம் திரும்பினான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, அரசி."

மழை ஓய்ந்து கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கப்பாவைச் சொன்னீங்களே, அது?"

"நாளைக்கே மெட்டுகுடாவுக்கு வாரேன். முதல்ல மன்னிப்பு கேக்குதேன்... அப்புறம் பொண்ணு கேக்குதேன். வரட்டுமா?"

பிறந்ததிலிருந்து இந்த ஊர்ப் பேச்சு கலந்த நாக்கு. தமிழில் ஆமாம் என்று சொல்ல வெட்கம் விடவில்லை. நடேசனைப் பார்த்துக்கொண்டே, ஜகதீசனுக்குக் கேட்டும் கேட்காமலும் அந்த ஊர்ப் பேச்சிலேயே சொன்னாள்:

"ஹவ்..."