ஐந்தாவது ரிமோட்

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ரகம் நான். இருபது வருஷமாகப் பூட்டோடும் சாவியோடும் மல்லுக்கட்டிப் பிழைக்கிறேன். ஊரில் எனக்குப் பெயரே சாவிக்காரிதான். அப்படிப்பட்ட நானே பட்டப்பகல் பதினொரு மணிக்கு ஒரு கார் கொட்டகையில் திரும்பிப் பார்க்கப் பயந்தேன் என்றால் நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும்.

நர்ஸம்மா வீட்டுக்கு நான் போனது சாதாரண வேலைக்கு. காருக்கு இரண்டு ரிமோட்டைப் பதிய வைக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய வீடு. பின்பக்கம் தகரக் கொட்டகை, ஒரே ஒரு குண்டு பல்பு, நடுவில் சாம்பல் நிறக் கார். ஓட்டுகிறவர் பக்கக் கண்ணாடி மட்டும் புத்தம் புதிது. அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

"கண்ணாடி என்னாச்சு?"

"நான்தான் உடைச்சேன்" என்றாள் அவளுடைய நாத்தனார். "போன வாரம் அண்ணி உள்ள மாட்டிக்கிட்டாங்க. கொளுத்துற வெயில். பூட்டுக் குமிழைத் தூக்கத் தூக்க டக்கு டக்குனு விழுந்துக்கிட்டே இருந்திருக்கு. முக்கால் மணி நேரம்! நான் எதேச்சையா வந்து பாக்கலேன்னா..."

"மெக்கானிக் என்ன சொன்னாரு?"

"வயரிங்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒண்ணும் சரியாகல."

"இந்த வண்டிக்கு வேற ரிமோட் யார்கிட்டயாவது இருக்கா?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்துச்சு" என்றாள் நர்ஸம்மா. "அவர் போய்ச் சேந்து அஞ்சு மாசம் ஆச்சு."

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "அண்ணனைக் கடைசியாத் தூக்கிட்டுப் போறப்ப அதை அவர் சட்டைப் பையில வச்சு அனுப்பினது நான்தான். உசிரா வச்சிருந்த வண்டியாச்சேன்னு வச்சேன்."

நல்ல காரியம் செய்தாய் போ, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"நாளைக்குக் காலையில நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஆஸ்பத்திரியில நான் வேலைக்குச் சேரணும்" என்றாள் நர்ஸம்மா. "எல்லாரும் பஸ்ஸுல போன்னு சொல்றாங்க. எதுக்குப் போகணும்? பாதி என் சம்பளத்துல வாங்கின வண்டி. இதுலதான் போவேன்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அவளை உள்ளே உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். "சாவியைப் போட்டு எட்டுத் தடவை முன்னும் பின்னும் திருப்புங்க. வண்டி பாடம் கேக்கத் தயாராயிடும். அப்புறம் ஒவ்வொரு ரிமோட்டா அமுக்கணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு டக் சத்தம் வரும். கடைசியில நீங்க உள்ள இருந்து கதவைத் திறந்தா பாடம் முடிஞ்சுது. இந்தத் தடவை அமுக்காத ரிமோட்டை வண்டி அடியோட மறந்துடும்."

அவள் திருப்பினாள். தன் ரிமோட்டை அமுக்கினாள். டக். நாத்தனார் அமுக்கினாள். டக்.

"அவ்வளவுதான், இறங்குங்க."

நர்ஸம்மா கைப்பிடியில் கை வைத்தாள்.

டக்.

நாங்கள் யாரும் அமுக்கவில்லை.

"என்னங்க இது?" என்றாள் நாத்தனார்.

"வண்டி பழசு, அதான்" என்றேன். பொய். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இரண்டு டக். நர்ஸம்மா கையை நீட்டினாள்.

மூன்றாவது டக்.

கொட்டகைக்குள் கிராம்பு வாசம் அடித்தது. வீட்டுச் சமையலறை அந்தக் கோடியில் இருக்கிறது. இது பக்கத்திலிருந்து, யாரோ மென்றுகொண்டே மூச்சு விடுகிற மாதிரி ஈரமாக வந்தது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணன்..."

நர்ஸம்மா அசையவில்லை. கண்ணாடியை இறக்கி, என்னை அருகே வரச் சொல்லிக் கிசுகிசுத்தாள். "உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான். மாடியில நின்னுக்கிட்டு, நான் கைப்பிடியைத் தொட்ட அப்புறம்தான் அமுக்குவாரு. அதுல அவருக்கு ஒரு சிரிப்பு. ஒரு நாள் ராத்திரி ஷிப்டுக்கே போக முடியல. நான் தொடலேன்னா அமுக்க மாட்டாரு."

எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால் செத்தவனுக்கு இவ்வளவு திமிரா?

"இந்த வண்டியில நாலு ரிமோட்டுக்குத்தான் இடம், அஞ்சாவதை ஏத்துக்காது" என்றேன். "ஒரு இடம்கூடக் காலியா விடக் கூடாது. என் பையில புது ரிமோட் ரெண்டு இருக்கு. நாலும் ஏறுற வரைக்கும் நீங்க கைப்பிடியைத் தொடாதீங்க. என்ன ஆனாலும் சரி."

அவள் சாவியைத் திருப்பினாள். தன்னுடையதை அமுக்கினாள். டக். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

நாத்தனார். டக்.

குண்டு பல்பு அணைந்தது.

தகரத்தின் ஓட்டைகள் வழியாகக் கொஞ்சம் வெயில் மட்டும் வந்தது. மூன்றாவது ரிமோட் என் கையிலிருந்து நழுவிக் காருக்கு அடியில் போய் விழுந்தது. மண்டியிட்டுத் துழாவினேன். கிராம்பு வாசம் என் பிடரிக்கு மேலேயே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கிடைத்தது. அமுக்கினேன்.

டக்.

காருக்குள் கைப்பிடி தானாக அசைந்தது. மெதுவாக, வா வா என்று கூப்பிடுவது போல ஆடியது. நர்ஸம்மாவின் வலது கை தொடைக்கு அடியிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம்!

"அண்ணி, தொடாதீங்க!" நாத்தனார் கத்தினாள். பிறகு இருட்டைப் பார்த்துத் திரும்பினாள். "வெக்கமா இல்ல உனக்கு? உன் கையில அதைக் குடுத்தது என் தப்பு. இனிமே நான் அண்ணி பக்கம்தான், போ!"

நான்காவதை அமுக்கினேன்.

டக்.

இப்போது நர்ஸம்மா தானாகவே கையை எடுத்துக் கைப்பிடியில் வைத்தாள். அவசரமே படவில்லை. "அமுக்குங்க" என்றாள் நேராகப் பார்த்துக்கொண்டு. "ஆசை தீர அமுக்குங்க."

சத்தம் வரவில்லை.

இன்னும் வரவில்லை.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். பல்பு எரிந்தது. மூவருக்கும் வேர்த்து ஊற்றியிருந்தது. மதியமே பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, தகரக் கதவை அகலத் திறந்துபோட்டு, அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். அவள் கேட்டுக்கொண்டபடி, நான் அமுக்கிய இரண்டு ரிமோட்டுகளும் என்னிடமே இருக்கின்றன. பாட்டரியைக் கழற்றிவிட்டுக் கடைப் பலகையில் ஆணியடித்து மாட்டினேன்.

மறுநாள் காலையில் கடை திறந்த சற்று நேரத்தில் அவள் போன் செய்தாள். "வந்து சேந்துட்டேன். ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்கிறேன். இதோ இறங்கப் போறேன்."

பலகையில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் எரிந்தது.

இரண்டில் ஒன்று. பாட்டரி இல்லாத ரிமோட். என் கண்ணெதிரே அதன் பொத்தான், யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல உள்ளே அமுங்கியது. மறுபடி. மறுபடி. கடைக்குள் கிராம்பு வாசம்.

"கதவு திறந்துச்சா?" என்றேன்.

"இறங்கி நடந்துக்கிட்டே பேசறேன். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றேன்.

இந்த ரிமோட் எட்டுவது முப்பது அடி தூரம். நடுவில் நானூறு கிலோமீட்டர் இருக்கிறது. பலகைக்கு நேரே போய் நின்று, "அமுக்குடா, நல்லா அமுக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அதைக் கழற்றி எறியச் சொல்கிறார்கள். மாட்டேன். தினமும் காலை எட்டு மணிக்கு அது எரிகிறது, மாலை ஐந்தரைக்கு இன்னொரு தரம் எரிகிறது. நர்ஸம்மா வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள், பத்திரமாக வீடு திரும்பிவிட்டாள் என்று அதைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்கிறேன்.