தனிக் கிண்ணத்து ஆண்

ஒரு வாரமாகச் சவரம் செய்யாதவன் கன்னம் இப்படியா வழவழவென்று இருக்கும்?

ஆய்வுக்கூடத்தில் கணவன் குனிந்து அவள் கன்னத்தில் உரசியபோதுதான் அவளுக்கு உறைத்தது. கேட்க வாயெடுத்தவளை நுண்ணோக்கி இழுத்துக்கொண்டது.

வெளியே மழை மூட்டம் கட்டிய சாயங்காலம். உள்ளே தொட்டிகளின் உப்பு வாடையும், காற்றடிக்கும் மோட்டாரின் ஓயாத சலசலப்பும், சுவரில் நெளியும் தண்ணீரின் நிழலும். கிண்ணங்களில், அலையடிக்கும் பாறையிடுக்கில் பிடித்த அரிசியளவு உயிரிகள். இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். ஆணுக்குப் பெரிய கொடுக்கு. பெண்ணுக்கு வயிற்றடியில் முட்டைப் பை. போன மாதம் பாதிக்குப் பாதி. இப்போது எங்கு பார்த்தாலும் பெண்.

"ஏங்க, ஆம்பளைங்களையே காணோம். நீங்க ஒருத்தர்தான் மிச்சம்."

"அதான் திடீர்னு இவ்ளோ மரியாதையா?"

சிரித்தான். குரல் மெலிந்திருந்தது.

தனிக் கிண்ணத்தில் அடைத்து வைத்திருந்த ஆணை எடுத்துப் பார்த்தாள். கொடுக்கு சிறுத்திருந்தது. வயிற்றடியில் பை. பை நிறையக் குஞ்சுகளின் கருங்கண்கள். விளக்கை நகர்த்தினாள். கண்கள் கூடவே திரும்பின.

ஏதோ கிருமி. முட்டை வழியாகத்தான் அது பரவும். ஆணால் அதற்குப் பிரயோஜனமில்லை. அதனால் ஆணையே பெண்ணாக்கிவிடுகிறது.

அவள் கை நின்றது.

ரப்பர் பந்து வைத்து இழுத்தால் உயிரிகளின் கால் ஒடிகிறதென்று, கண்ணாடிக் குழாயை வாயில் வைத்தே அவற்றை உறிஞ்சி எடுப்பான் அவன். போன வாரம் முட்டைகளோடு ஒரு வாய்த் தண்ணீர் தொண்டைக்குள் போய்விட்டது. "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றான். அவளும் சேர்ந்து சிரித்தாளே!

கரண்ட் போனது. மோட்டார் நின்றது.

சலசலப்பு நிற்கவில்லை.

அவன் பக்கமிருந்து வந்தது.

"ஏங்க... உங்களுக்கு ஒண்ணுமில்லையே?"

"வயிறு அரிக்குதுடி. நீ பயப்படுவேன்னுதான் சொல்லல."

"வாங்க, டாக்டர்கிட்ட போலாம். இப்பவே."

"வேணாம்." குரலில் அவள் கேட்டறியாத குழைவு. "எடுத்துடுவாங்க."

டார்ச்சை அடித்தாள். சட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தான். தொப்புளுக்குக் கீழே தோல் பையாக மடிந்து, கண்ணாடியாய் மெலிந்து தொங்கியது. இன்னொரு கை அதைத் தாங்கியிருந்தது. உள்ளே வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகள்.

டார்ச்சை நகர்த்தினாள். இடமாக. வலமாக.

புள்ளிகள் கூடவே திரும்பின.