நிர்வாகி நிவேதனா

வாகீசனின் பெயருக்குக் கீழே இருந்த 'நிர்வாகி' என்ற சொல்லைக் காணவில்லை.

மாரி மழை பின்னேரத்திலேயே பொழுதைக் கறுக்க வைத்திருந்தது. உரும்பிராய்த் தோட்டங்களில் தேங்கிய தண்ணீரிலிருந்து தவளைகள் விடாமல் கத்திக்கொண்டிருக்க, ஈரச் சுவரின் மணமும் காலையில் போட்ட சாம்பிராணியின் மிச்சமும் கலந்து கிடந்த அந்த முன்னறையில், கணினித் திரை ஒன்றுதான் வெளிச்சம். மகள் கஜானிக்குச் சித்திரம் கீறுகிற விளையாட்டு ஒன்றை ஏற்றிக் கொடுக்கத்தான் அவன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும் என்றது திரை. யார் நிர்வாகி என்று பார்த்தான். தன் பெயருக்குக் கீழே வெறும் 'பயனர்' என்றிருந்தது. அதற்கு மேலே, போன கிழமை அழித்துவிட்ட ஒரு பெயர்.

நிவேதனா. நிர்வாகி.

அவன் மனைவி. அவளை டெங்கு கொண்டுபோய், கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பித்தவள் அவள். வீட்டுக் கணினியில் எதை ஏற்றலாம், எதை அழிக்கலாம், யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் எல்லாம் அவள் கையில் இருந்தது. மகளுக்கும் ஒரு கணக்குத் திறந்து, மஞ்சள் பூனைப் படம் போட்டு, கொஞ்ச நேரத்தில் தானே மூடிக்கொள்ளும்படி வைத்திருந்தாள். வாகீசனை நிர்வாகியாக்க மட்டும் மாட்டாள்.

"என்ன கேக்குதெண்டு வாசியாமலே 'ஆம்' எண்டதை அமத்திற ஆள் நீங்கள். உங்கடை கையிலை தந்தால் ஒருநாளைக்கு எங்களையே ஆருக்கும் குடுத்திடுவியள்" என்று சிரிப்பாள்.

அவள் போன பிறகு அந்தப் பழக்கம் கணினியோடு நிற்கவில்லை. டொக்டர் கேட்டதற்கும் ஐயர் கேட்டதற்கும் பந்தல்காரன் கேட்டதற்கும் அவன் ஓம் என்றே சொன்னான். செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அவளுக்கு விருப்பமான நண்டுக் குழம்பை இந்த அறையில்தான் படைத்தார்கள். படைத்ததில் ஒரு பங்கைச் சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும், அப்போதுதான் போனவர் தன் வழியே போவார் என்பது முறை. மழை அடித்து ஊற்றியது. அவன் பொதியை வாசல் படலைக்கு உள்ளேயே வைத்துவிட்டு வந்து தலையைத் துவட்டினான்.

"சந்தியிலை வைச்சிட்டுத்தானே வாறாய், தம்பி?" என்று பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரியக்கா கேட்டார்.

"ஓம்."

காலையில் பார்த்தபோது வாழையிலை துடைத்த மாதிரிக் கிடந்தது. நாயாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

நேற்று வாசியாமல் 'ஆம்' என்று அழுத்திய மாதிரியே ஒரு சின்னப் பெட்டி திரையில் எழும்பியது. கீழே 'ஆம்', 'இல்லை'. கை தன்பாட்டில் 'ஆம்' என்பதை அழுத்தியது. இன்னொன்று. அதற்கும் அழுத்தினான். பிறகுதான் நிவேதனாவின் தம்பி மயூரதனுக்குத் தொலைபேசி எடுத்தான். அவன் யாழ்ப்பாணத்தில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவன். போன கிழமை வந்து இதையெல்லாம் மாற்றிக் கொடுத்தவன்.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து கஜானி கூப்பிட்டாள்.

"அப்பா, உள்ளுக்கை வரட்டோ எண்டு கேக்கிறா."

"ஓம்."

"பாத்தியளே? அப்பாட்டை என்னத்தைக் கேட்டாலும் ஓம்தான்!" கலகலவென்று சிரிப்பு. பொம்மையோடு கதைக்கிறாள் என்று எண்ணினான். எண்ணினானா என்றுகூடச் சொல்ல முடியாது.

"சொல்லுங்கோ, அத்தான்" என்றான் மயூரதன்.

"உன்ரை அக்காவின்ரை கணக்கு இன்னும் நிக்குது."

"விசர்க்கதை. நான் என்ரை கையாலை அழிச்சனான். உங்களைத்தான் நிர்வாகி ஆக்கினது."

"இப்ப நான் இல்லை. அவள்."



"அத்தான், நீங்கள் அனுமதி குடுக்காமல் உங்களை இறக்க ஏலாது. ஏதும் பெட்டி வந்து 'ஆம்' எண்டு அமத்தினியளோ?"

வாகீசன் சுட்டியின் மேல் கிடந்த தன் விரலைப் பார்த்தான்.

"வாசிக்கேல்லை, என்ன? அக்கா இருந்தால் இப்ப நல்லாய் வாங்கிக் கட்டியிருப்பியள். ஒண்டையும் தொடாதேங்கோ. விடிய வாறன்."

தொடர்பு அறுந்தது.

தவளைகள் நின்றிருந்தன. எப்போது நின்றன என்று அவனுக்குத் தெரியவில்லை. கூரையிலிருந்து தண்ணீர் வடிகிற சத்தம், கணினியின் விசிறிச் சத்தம், இரண்டுக்கும் அடியில் உள்ளறையில் யாரோ பாத்திரத்தில் அகப்பையை மெல்ல உரசுகிற சத்தம். சாம்பிராணி மணத்தை விலக்கிக்கொண்டு வேறொரு மணம் வந்தது. நண்டு. முருங்கையிலை போட்டு இறக்கிய குழம்பு. இன்று இந்த வீட்டில் அடுப்பு மூட்டவே இல்லை. கடையில் பாண் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

திரையில் இன்னும் ஒரு பெட்டி எழும்பியது.

வாழ்க்கையில் முதல்முறையாக அவன் ஒரு பெட்டியை எழுத்தெழுத்தாக வாசித்தான்.

'கஜானியின் பொறுப்பாளரை மாற்ற நிவேதனா கேட்கிறார். அனுமதிக்கிறீர்களா?'

அம்புக்குறியை 'இல்லை' என்பதற்குக் கொண்டுபோனான். அழுத்தினான். அந்தச் சொல் சாம்பல் நிறமாகிக் கிடந்தது. மறுபடி அழுத்தினான். அசையவில்லை. பெட்டியை மூடப் பார்த்தான். மூடவில்லை. 'ஆம்' மட்டும் பளிச்சென்று காத்துக்கொண்டிருந்தது.

கையைச் சுட்டியிலிருந்து எடுத்தான். மடியில் வைத்து மற்றக் கையால் பொத்திக்கொண்டான். அழுத்தாவிட்டால் ஒன்றும் நடக்காது. அனுமதி இல்லாமல் நடக்காது. மயூரதன் அப்படித்தான் சொன்னான். விடியும்வரை இப்படியே இருக்கலாம். தொடமாட்டேன். சொல்லமாட்டேன்.

உள்ளறையில் கஜானி சொன்னாள்:

"ஓம்."

பெட்டி மறைந்தது.

நாற்காலி சரிய எழுந்தான். உள்ளறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பிள்ளை பூட்டிக்கொண்டுவிடுவாள் என்று நிவேதனாதான் கழற்றியிருந்தாள். தள்ளினான். கதவு அசையவில்லை. தோளால் இடித்தான். பலகை அதிரக்கூட இல்லை, சுவரை இடித்த மாதிரி.

"கஜானி! கதவைத் திற, பிள்ளை!"

அகப்பைச் சத்தம்.

"என்ன கேட்டாலும் மாட்டன் எண்டு சொல்லு! அம்மா கேட்டாலும் சொல்லு!"

திரும்பிப் பார்த்தான். திரையில் பெயர்கள் மட்டும் நின்றன. நிவேதனா, நிர்வாகி. வாகீசன், விருந்தினர். கஜானியின் பெயருக்குப் பக்கத்து வட்டத்தில் மஞ்சள் பூனை இல்லை. ஒரு படம். இன்று பின்னேரம் அவன் போட்டுவிட்ட நீலச் சட்டையோடு கஜானி நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தாள். அண்ணாந்து வாயைத் திறந்திருந்தாள். படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு, குழம்பில் பிசைந்த சோற்றுக் கவளத்தை அவள் வாய்க்குக் கொண்டுபோனது. நனைந்து சுருங்கிய கை. சேலைன் ஊசி குத்திய இடத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பிளாஸ்டர் இன்னும் உரியவில்லை.

கதவுக்கு அப்பால், அவனுக்குக் கேட்காத எதையோ யாரோ கேட்டார்கள்.

வாய் நிறையச் சோற்றோடு கஜானி சொன்னாள்:

"ஓம்."