மித்ரா: உள்ளே

எழுத்து ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

வேறு யாராவது என்றால் கவனித்திருக்கவே மாட்டார்கள். யசோதா பதினெட்டு வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகளின் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தப்புக்குச் சிவப்பு வட்டம் போட்டவள். பத்தாம் அளவு எழுத்துக்கும் பதினொன்றுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குச் சோற்றில் கல் தட்டுவது மாதிரி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். பதினொன்றுதான். அவள் மாற்றவில்லை. அந்த வீட்டில் கம்ப்யூட்டரைத் தொட அவளை விட்டால் வேறு ஆளும் இல்லை. கணவர் பெருமாள்சாமிக்குப் பீன்யா ஃபேக்டரியில் லேத் மிஷினோடு மட்டும்தான் சகவாசம். மகள் மித்ரா இறந்து அன்றோடு பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

சங்கமித்ரா என்பது முழுப் பெயர். இருபத்து மூன்று வயது. பொம்மனஹள்ளியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. விவேக் நகர் வீட்டின் முன்னறையில் இருந்த அந்த ஒரே கம்ப்யூட்டருக்காகத் தாயும் மகளும் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். இன்ஸ்டிட்யூட் மூடிய பிறகு யசோதா வீட்டிலேயே தீசிஸ், விண்ணப்பம், கோயில் நோட்டீஸ் என்று டைப் அடித்துக் கொடுத்தாள். சாளேசரக் கண்ணுக்கு எழுத்து பெரிதாக வேண்டும். மகளுக்குப் பொடிப்பொடியாக, ஒரே திரையில் நூறு வரி தெரிய வேண்டும். இவள் பெரிதாக்குவாள், அவள் வந்து சுருக்குவாள்.

"எம்மா, நீ ஒரு தபா தொட்டா எனக்கு அரை மணி நேரம் வேஸ்ட்டு. எல்லாத்தையும் திரும்பி வெக்கணும்."

"பெரிய கலெக்டரு. வெச்சிக்கோ, கையா தேஞ்சிடும்?"

கடைசியில் மித்ரா உட்கார்ந்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினாள். அதற்கு 'அப்படியே' என்று பெயர் வைத்தாள். திறந்ததும் யார் என்று கேட்கும். பெயரைத் தட்டினால் அந்த ஆள் எப்படி விட்டுப் போனாளோ அப்படியே எல்லாம் வந்து நிற்கும்: எழுத்தின் அளவு, நிறம், மவுஸின் வேகம், ஜன்னல்கள் கிடந்த இடம், படித்து நிறுத்திய வரி வரைக்கும். எதை மாற்றினாலும் மாற்றிய நொடியே தேதியும் மணியும் போட்டு ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளும். ஒழுங்காக மூடினால் பெயருக்கு எதிரே 'வெளியே' என்று போடும். மூடாதவரை 'உள்ளே'. ஒருத்தி உள்ளே இருக்கும்போது இன்னொருத்தி தன் பெயரில் நுழைய முடியாது. சண்டைக்கு மகள் கண்டுபிடித்த மருந்து அது, நன்றாகவே வேலை செய்தது.

ஜூன் மாதத்து அந்தக் காலையில் மித்ரா எழவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். யசோதாவுக்குப் பத்து மணிக்குள் ஒரு நோட்டீஸ் முடிக்க வேண்டும். வார்த்தை தடித்தது. நடுவில் கரண்ட் போய்விட்டது. மித்ரா எதையும் மூடாமல் அப்படியே எழுந்து ஹெல்மெட்டை எடுத்தாள். "போய்த் தொலை" என்றாள் யசோதா. எல்லாத் தாயும் நாளைக்கு நாலு தரம் சொல்லும் வார்த்தைதான். ஓசூர் ரோட்டில் மணல் லாரி. கல்பள்ளி இடுகாட்டில் மழையோடு மழையாகப் புதைத்தார்கள்.

ஐந்தாம் நாள் யசோதா கம்ப்யூட்டரைப் போட்டபோது திரையின் அடியில் ஒரு வரி நின்றது. மித்ரா: உள்ளே.

அதைப் பார்த்து அவள் அழுத அழுகையில் பக்கத்து வீட்டு அன்னம்மாள் ஓடி வந்துவிட்டாள். உள்ளே. ஆஸ்பத்திரிச் சீட்டு, கார்ப்பரேஷன் காகிதம், உலகமே அவளை வெளியே என்று எழுதி முத்திரை குத்திவிட்டது. இது ஒன்று மட்டும் மகள் இன்னும் உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து யசோதா மகளின் பெயரிலேயே, மகளின் பொடி எழுத்திலேயே கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்தாள். எதையும் மாற்றமாட்டாள். மூடவும் மாட்டாள். மூடினால் 'வெளியே' ஆகிவிடும். சாயங்காலம் ஐந்து மணிக்கு நேராகச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். மறுநாள் போட்டால் மித்ரா உள்ளேயே இருப்பாள்.

"வயரைப் புடுங்கிப் புடுங்கி ஒரு நாளு மிஷினு பூடும் பாரு" என்றார் பெருமாள்சாமி.

"போனா போவட்டும். உங்க வேலையைப் பாருங்க."

அவருக்கும் அந்த வரி தெரியும். ஷிப்டுக்குக் கிளம்பும்போது தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

இப்படி இருக்கும்போதுதான் எழுத்தின் அளவு பத்திலிருந்து பதினொன்று ஆனது. ஒரு வாரத்தில் பதினான்கு. அடுத்த வாரம் பதினெட்டு. யசோதா முதலில் பயப்படவில்லை, உண்மையைச் சொன்னால் சந்தோஷப்பட்டாள். அம்மாவுக்குக் கண் தெரியாது என்று மகளே பெரிதாக்கி வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது, ஆனாலும் அந்த நினைப்பில் இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டாள். முன்னறையில் ஈர மண் வாசனை வீசியது. மழைக்காலம், ஜன்னல் பலகை ஊறியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பிறகு சத்தம் கூடியது. ஒரு காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் அது வழக்கமாகத் துவங்கும்போது எழுப்பும் இசை அறையே அதிரும்படி அலறியது. ஒலி அளவு கடைசிக் கோட்டில் நின்றது. அதற்கடுத்து மவுஸ். வலது பொத்தான் இடதாகவும் இடது வலதாகவும் மாறியிருந்தது, இடது கைப் பழக்கக்காரர்கள் வைத்துக்கொள்வதுபோல. மித்ரா வலது கைக்காரி. லாரி ஏறியது வலது பக்கம். யசோதா அதை நினைத்தாள், நினைத்ததும் எழுந்து போய் அடுப்பில் இல்லாத பாலைக் கவனிக்க நின்றாள்.

மகளோடு வேலை செய்த மஞ்சுநாத் என்ற பையன் ஒரு வியாழக்கிழமை துக்கம் விசாரிக்க வந்தான். குழந்தை யேசு கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் தெரு நெரிந்துகொண்டிருந்தது, ஆட்டோ ஹாரன் ஓயவில்லை. யசோதா கதவைச் சாத்திவிட்டு அவனிடம் மெதுவாகச் சொன்னாள். அவன் அந்தக் குறிப்புக் கோப்பைத் திறந்து படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் மாறியது.

"ஆன்ட்டி, டெய்லி எத்தனை மணிக்கு ஆஃப் பண்றீங்க?"

"அஞ்சுக்கு. பிளக்கையே புடுங்கிடுவேன்."

"இதுல எல்லாமே அஞ்சே காலுக்கு மேல மாத்தினதா இருக்கு ஆன்ட்டி. ஒண்ணுகூட விடாம." அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நேத்து புதுசா ஒண்ணு. ரெண்டு விசையைச் சேர்த்து அமுக்க முடியாதவங்களுக்குன்னு ஒரு வசதி இருக்கு. ஒவ்வொண்ணா அமுக்கினாப் போதும். அதை ஆன் பண்ணியிருக்கு. அதாவது..."

"ஒரே விரல்" என்றாள் யசோதா. இன்ஸ்டிட்யூட்டில் அப்படி ஒரு பெண்ணுக்கு அவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"நான் மூடிடறேன் ஆன்ட்டி. ஒரு கிளிக்தான். வெளியேன்னு வந்துடும். மித்ரா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவா. பேடா ஆன்ட்டி, இது வேணாம்."

"கைய எடுப்பா."

"ஆன்ட்டி..."

"கைய எடுன்னு சொன்னேன்ல. காபி ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்பு."

அவன் குடிக்காமலே போனான்.

அன்று ராத்திரி படுக்கையில் அவளுக்கு எல்லாம் புரிந்தது. வரிசையாக, தவறில்லாமல் அடித்த தாள்போல. மகள் தன் அம்மாவுக்காக எழுத்தைப் பெரிதாக்கவில்லை. தனக்காக. கண் போய்க்கொண்டிருக்கிறது. காது போய்க்கொண்டிருக்கிறது. வலது கை போய்விட்டது. இடது கையில் ஒரு விரல் மிச்சம். கல்பள்ளி மண்ணுக்குள் மித்ராவுக்கு என்ன நடக்கிறதோ, அது நாளுக்கு நாள் இங்கே பதிவாகிறது. உள்ளே இருக்கும் வரை அவளுக்கு வேலை முடியாது. எழ முடியாது. யசோதா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் பெருமாள்சாமியும் தூங்கவில்லை, ஆனால் திரும்பிப் படுக்கவும் இல்லை.

மூடிவிட வேண்டும் என்று விடியும்போது முடிவு செய்தாள். முடிவு செய்தபடியே ஒன்பது நாள் கழித்தாள்.

பத்தாம் நாள் சாயங்காலம் வானம் மூடிக்கிடந்தது. பெருமாள்சாமி இரண்டாம் ஷிப்டு. தெருவில் காய்வண்டிக்காரன் கன்னடத்தில் கூவிக்கொண்டு போனது தேய்ந்து மறைந்தது. அன்னம்மாள் வீட்டு மிக்சி ஓடி நின்றது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தமும், அறை முழுக்க அடர்ந்து நின்ற அந்தச் சிவப்பு மண்ணின் ஈர வாசனையும், அந்த வாசனைக்கு அடியில் நாலு நாளாக அவள் ஊதுபத்தி கொளுத்தி மறைத்துக்கொண்டிருந்த இன்னொரு வாசனையும்தான் மிச்சம் இருந்தன. திரை முழுக்கக் கறுப்பு. எழுத்து இப்போது அத்தனை பெரியது, ஒரு நேரத்தில் ஓரெழுத்துக்கு மேல் திரையில் கொள்ளாது.

ஐந்து மணி. அவள் பிளக்கைப் பிடுங்கவில்லை. மவுஸைப் பிடித்து அம்பைக் கொண்டுபோய் மூடும் குறிமேல் வைத்தாள்.

ஐந்தே கால்.

கீபோர்டில் ஒரு விசை அமுங்கியது.

அவள் கை மவுஸில் இருந்தது. இன்னொரு கை மடியில்.

விசை மெல்ல மேலே வந்தது. திரையில் ஓர் எழுத்து. கறுப்பில் வெள்ளையாக, மூலைக்கு மூலை.

மூ.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. விசைகளின்மேல் எதுவோ தடவித் தேடும் சத்தம். கண் தெரியாதவர்கள் தேடுவதுபோல, வரிசை வரிசையாக. பிறகு இன்னொரு விசை.

டு.

"கண்ணு" என்றாள் யசோதா.

ம்.

தேடல். நின்றது. மறுபடி தேடல்.

மா.

மூடும்மா.

ஒரு கிளிக். அவ்வளவுதான். அவள் பெற்ற பெண் கேட்கிறாள். அவளுக்கு வலிக்கிறது. யசோதாவுக்கு அது சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. ஆனால் அழுத்தினால் அந்த வரி மாறிவிடும். வெளியே என்று வரும். ஒரு தரம் போய்த் தொலை என்று சொன்ன வாய் இது. இரண்டாம் தரம் சொல்ல அவளால் முடியவில்லை. முடியவே இல்லை. மனசு கல்லாகவில்லை, சே, கல்லாகியிருந்தால் அழுத்தியிருப்பாள்.

குனிந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

திரை செத்தது. விசிறி சுழன்று அடங்கியது.

அறைக்குள் மழை இருட்டு. மண் வாசனை.

டக்.

கீபோர்டுதான். கரண்ட் இல்லாத கீபோர்டு. அதே விசை.

டக்.

பதினெட்டு வருஷம் அவள் கேட்டுப் பழகிய சத்தம் அது. விரல் நுனி பட்டால் ஒரு சத்தம், நகம் பட்டால் ஒரு சத்தம். கண்ணை மூடிக்கொண்டு யார் எப்படி அடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். இந்தச் சத்தத்தில் சதை இல்லை. நகமும் இல்லை.

யசோதா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். உள்ளங்கையைக் கீபோர்டின்மேல் பரப்பி வைத்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல. ஈரம். சில்லென்று இருந்தது.

"அழாத. நாளைக்கு அம்மா இன்னும் பெருசு பண்ணித் தரேன்" என்றாள்.

அவள் கைக்கு அடியில் ஒரு விசை அமுங்கியது. எழுந்தது. மறுபடி அமுங்கியது. அவள் கையை எடுக்கவில்லை.