அழிந்துபோன கடைசி வரி

காலை 6.40. மயிலாப்பூர் டயாலிசிஸ் மையத்துச் சுவரில் அன்றைய பட்டியல். முதல் வரியில், போன வெள்ளிக்கிழமை தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பு. கீழே பதினேழு பெயர்கள். தேவானையின் பெயர் இல்லை. இரண்டு பஸ் மாறி வந்தவள், கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

பட்டியல் தட்டச்சு செய்யும் ஷீலா பெயரை ஏற்ற மறந்துவிட்டாள், இன்றோடு வேலை போச்சு என்றார் மேலாளர் ஆனந்தகுமார். பதினெட்டாவதாக, கடைசியில் ஏற்றினேன் என்று அவள் சொன்னதை யார் கேட்டார்கள்? பாவம், வேலைக்கு வந்தே மூன்று மாதம்தான்.

தன் அம்மாவைச் சிகிச்சைக்கு அழைத்து வந்திருந்த சைபர் பிரிவு சப்-இன்ஸ்பெக்டர் உம்மே ஹானி எழுந்தாள். முதலில் தேவானைக்கு ஓர் இயந்திரம் ஒதுக்க வைத்தாள். அப்புறம்தான் விசாரணை.

6.55. நர்ஸ் ஒருத்தி திறந்து காட்டிய பதிவின்படி, மையத்தின் யூனிக்ஸ் கணினியில் நேற்று பட்டியல் கோப்பைத் திறந்தவர்கள் இருவர். மாலை ஐந்துக்கு ஷீலா. 5.40க்குக் கணினி நிர்வாகி விஜயராகவன். வீட்டுக்குப் போகும் ரயிலிலிருந்து, கைபேசியில். பழைய தொட்டி அறிவிப்பை எடுக்கச் சொல்லியிருந்தார் மேலாளர். "எடுத்தாச்சு" என்று அவரும் பதில் அனுப்பியிருந்தார். இருபது வருட அனுபவஸ்தர். அவரை யார் சந்தேகிப்பார்கள்?

7.30. விஜயராகவன் வந்தார்.

"எந்த எடிட்டர்ல திறந்தீங்க சார்?"

"சிக்னல் வீக். முழுத் திரை வராது. ஒவ்வொரு வரியா வேலை செய்யற பழைய வரி எடிட்டர்லதான்."

"கர்சர் தெரிஞ்சுதா?"

"அதுல ஏது கர்சர்? திறந்தேன், வரியை அழின்னு ஒரு எழுத்து தட்டினேன், சேமிச்சேன், வெளிய வந்துட்டேன்."

உம்மே ஹானி சுவரைக் காட்டினாள்.

"நீங்க அழிச்சதா சொன்ன அறிவிப்பு இன்னும் அங்கேயே இருக்கு. தினம் நீங்க வேலை செய்யற எடிட்டர்ல திறந்ததும் கர்சர் முதல் வரியில நிக்கும். கை அந்தப் பழக்கத்துல தட்டிடுச்சு. வரி எடிட்டர் திறந்ததும் நிக்கிறது கடைசி வரியில சார். கண்ணுக்குத் தெரியாது. அங்க இருந்தது தேவானை பேரு."

அடேங்கப்பா! விசைப்பலகையில் விரல் வைக்கவில்லை. எல்லோரும் காலையிலிருந்து பார்த்த காகிதத்தைத்தான் அவளும் பார்த்தாள். மூளையா அது!

விஜயராகவனுக்கு முகம் வெளிறியது. "நான்தான்" என்றார், மெல்ல.

சரி சரி, போய் வேலையைப் பார் என்றார் மேலாளர், ஷீலாவிடம். அவள் நகரவில்லை.

"ஏத்துனேன்னு காலைலயே சொன்னேனே சார். அவர் சொன்னா நம்புவீங்க, நான் சொன்னா இன்னா?"