கடைசியாகப் பதிந்தவள்

தினமும் மூன்று பத்துக்கு அவளுடைய கைபேசி ஒருமுறை அதிரும். மகள் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டாள் என்று பொருள். இன்று மூன்றரை ஆகியும் அது வாயே திறக்கவில்லை. ஏசியின் ஓயாத முனகல், யாரோ சூடாக்கிய சாப்பாட்டின் வாசனை, மதியம் பேனா கசிந்து அவள் சட்டைக் கையில் படிந்த நீல மை, மேசையில் ஊர்ந்து வரும் வெயில் எல்லாம் வழக்கம்போல இருக்க, அந்த ஒரு அதிர்வு மட்டும் இல்லை.

பள்ளியின் செய்திகளை உரிய பெற்றோருக்குத் திருப்பிவிடும் மென்பொருளை எழுதியவளே அவள்தான். அதில் நிலையான முகவரி என்று எதுவும் கிடையாது. நான் இன்னார், இன்ன செய்தி எனக்கு வரட்டும் என்று பெறுகிறவரே பதிந்துகொள்ள வேண்டும். ஒரே பெயரில் இருவர் பதிந்தால் கடைசியாக வந்தவருக்கே செய்தி போகும். "வேற யாராவது என் பேருல பதிஞ்சுட்டா?" என்று அதை எழுதும்போதே கேட்டாள். அதே அலுவலகத்தில் பக்கத்து மேசையில் வேலை செய்யும் கணவன் சிரித்தான். "வீட்டுல இன்னொருத்தர் சரின்னு சொன்னாத்தானே ஏறும்? சும்மா பயப்படாத."

அவன் இன்று தலைவலி என்று லீவு.

பதிவுகளைத் திறந்தாள். மூன்று பத்துக்குச் செய்தி போயிருக்கிறது, அவள் பெயருக்கே. பதிலும் வந்திருக்கிறது.

'அங்கயே நில்லு பட்டு. அம்மா வந்துட்டேன்.'

பட்டு என்பது வீட்டுக்குள் மட்டும் கூப்பிடும் பெயர்.

காலை ஒன்பது மணிக்கு அவள் பெயரில் புதுப் பதிவு. கைபேசி எண் இல்லை. சம்மதம் தந்தவர், கணவர்.

அடப்பாவி!

வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, யாருக்கு சரின்னு குடுத்தீங்க? பட்டு எங்க?"

பின்னணியில் தட்டு வைக்கும் சத்தம். மகளின் சிரிப்பு. பிறகு ஒரு பெண்குரல். "கை கழுவிட்டு உட்காரு பட்டு."

அவளுடைய குரல். கடைசியில் அதே இழுப்பு.

கணவன் மெதுவாகப் பேசினான். "நீ என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்க? இவ வர்றா. எங்களை விட்டுடு."

"யாருப்பா போன்ல?" மகள் கேட்டாள்.

"ராங் நம்பர்டா."

பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தவன் சொன்னான் அதை. அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

வீடு இரண்டு தெரு தள்ளி. ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னலுக்குப் போனாள்.

மகள் நாற்காலியில். பின்னால் நின்று ஒருத்தி அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். குனிந்த தலை. அதே சட்டை. சட்டைக் கையில் நீல மை. இன்னும் ஈரமாக.

"பட்டு!"

மகள் நிமிர்ந்தாள். நேராகப் பார்த்தாள். அவளுக்கு அம்மாவை அடையாளம் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

எழுந்து ஜன்னலருகே வந்தாள். சத்தம் போடாதே என்று உதட்டில் விரல் வைத்தாள்.

திரையை இழுத்து மூடினாள்.