கரி ஏறாத இடம்

அடுப்படிச் சுவரில் ஓர் இடத்தில் மட்டும் கரி ஏறியிருக்கவில்லை.

குடிவந்த அன்றே அவள் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்தாள் என்பதைவிட, பார்த்தும் வேறொன்றாக நினைத்துக்கொண்டாள் என்பதுதான் சரி. அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. கூரைக்குக் கீழே ஒரு செங்கல்லை உருவி எடுத்த துவாரம், அவ்வளவுதான். அதன் வழியாக வெயில் இறங்கி எதிர்ச்சுவரில் விழுந்திருக்கிறது என்று நினைத்துத் துடைப்பத்தோடு உள்ளே போனவள், தன் நிழல் மேலே விழுந்தும் அது மங்காததைக் கண்டு நின்றாள். வெயில் இல்லை. சுண்ணாம்பு. நாலு சுவரும் கூரையும் தார் பூசியதுபோல் பிசுபிசுவென்று கறுத்துக் கிடக்க, அடுப்புக்கு எதிரே, தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் பழைய வெள்ளை பளிச்சென்று இருந்தது. கீழே அகலம். மேலே போகப்போக ஒடுக்கம். ஒரு கழுத்து. அதன்மேல் லேசாகக் குனிந்த ஒரு தலை.

முழங்காலை மடக்கி, சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்த ஒரு பெண்ணின் அளவு.

"முன்னாடி இருந்தவங்க சாய்ஞ்சு உக்காந்த இடம்," என்றான் கணவன். மர மில்லில் ரம்பம் ஓட்டுகிறவன் அவன். "வருஷக்கணக்கா ஒரே இடத்துல குந்தியிருந்தா அங்க எப்படிப் புகை ஏறும்? போறப்ப உனக்குச் சாய்மானம் போட்டு வச்சிட்டுப் போயிருக்காங்க பாரு. குடுத்து வச்சவ நீ."

அந்த வீடு மில்லுக்குச் சொந்தம். அதில் யார் இருக்கிறார்களோ அவர்கள் மில் ஆட்களுக்கு மதியச் சோறு பொங்கிப் போட வேண்டும் என்பதுதான் பேச்சு. சமைக்க மரத்தூள் இலவசம். சோறு நின்றால் வீடும் நிற்காது. கைக்குழந்தையோடு ஒண்ட இடம் தேடி அலைந்தவர்களுக்கு இதுவே பெரிய காரியமாக இருந்தது.

மரத்தூள் அடுப்பு அவளுக்குப் புதிது. கணவன்தான் சொல்லிக்கொடுத்தான். தகர டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டிக் கொட்டி முஷ்டியால் இடித்து இறுக்க வேண்டும். பிறகு பாட்டிலைத் திருகி உருவினால் நடுவில் தொண்டைக்குழிபோல் ஒரு துளை நிற்கும். அடியில் தீ வைத்தால் அந்தத் தொண்டை வழியே நெருப்பு மேலே வரும்; உலை கொதித்து, பருப்பு வெந்து, காய் இறங்கும்வரை தொடவே வேண்டாம்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. அணைக்கணும்னா மண்ணைப் போடு. தண்ணி ஊத்திடாத. வீடு தாங்காது, அவ்வளவு புகை கக்கும்."

அவள் எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிறவள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். உப்புப் போட்டோமா என்று சந்தேகப்பட்டு நக்கிப் பார்ப்பாள். அடுப்பையும் அப்படித்தான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாள், பாப்பாவை இடப்பக்கம் இடுப்போடு சாய்த்து உட்காரவைத்துக்கொண்டு. பாப்பாவுக்கு அப்போதுதான் உட்கார வந்திருந்தது. அம்மாவின் சட்டை நுனியைப் பிடித்தபடி புகையைப் பார்த்துச் சிரிக்கும். புகை முதலில் கூரையில் முட்டும். பிறகு துவாரத்தைத் தேடாமல், வழி தெரிந்தும் போக மனமில்லாத விருந்தாளியைப்போல, சுவர் வழியாக மெல்ல இறங்கி அவர்கள் இருவரையும் மூடும்.

அவள் முதுகு அந்த வெள்ளையில் படியும். அங்கே மட்டும் சுவர் ஜில்லென்று இருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரி. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான் என்பதால் அவளுடைய மிஷின் கடகடப்பது இந்த வீட்டுக்குள்ளேயே ஓடுவதுபோல் கேட்கும். ஊசி அக்கா என்று தெருவே கூப்பிட்டது. அது தொழிலுக்கு வைத்த பெயரா வாய்க்கு வைத்த பெயரா என்று யாரும் தீர்த்துச் சொன்னதில்லை. ஒருநாள் தீப்பெட்டி கேட்டு வந்தவள் சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இதென்னடி?"

"முன்னாடி இருந்தவங்க சாய்ஞ்ச இடம்க்கா."

ஊசி அக்கா ஒரு கண்ணைச் சுருக்கினாள். ஆளைப் பார்த்தே அளவு சொல்கிறவள். "அவளுக்குச் சட்டை தச்சவ நான். பீப்பாய்ன்னு கேலி பண்ணுவேன், பதிலுக்கு அவ என்னை நூல்கண்டும்பா. அவ தோளுக்குத் துணி பத்தாது. இது ஒல்லியால்ல இருக்கு?" அவள் பார்வை சுவரிலிருந்து நகர்ந்து இவள் தோளுக்கு வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. "இது உன் அளவு."

"நாங்க வந்தே ஒரு மாசம் ஆகலையேக்கா."

"அதான் நானும் பாக்குறேன்."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க? ஊருக்குப் போயிட்டாங்கன்னு மில்லுல சொன்னாங்க."

"ஆமா, போனா. திரும்பி வராத ஊருக்கு." ஊசி அக்கா தீப்பெட்டியைக் குலுக்கிப் பார்த்தாள். "பீடி சுருட்டைக் கையால தொட்டதில்ல. ஆனா கடைசியில அவ நெஞ்சு, ஓட்டைத் துருத்தி மாதிரிதான் கத்துச்சு. நீயாவது கதவைத் திறந்து வச்சுச் சமை."

அவள் போன பிறகுதான் அது கண்ணில் பட்டது. பெரிய வெள்ளையின் இடப்பக்கம், இடுப்பை ஒட்டி, ஒரு சின்ன வெள்ளை. உருண்டைத் தலை. சாய்ந்த உடம்பு. பெரிய வெள்ளையை நோக்கி நீண்ட, விரல் தடிமனில் ஒரு கை.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. பாப்பா உட்காரும் இடம், அதனால் கரி ஏறவில்லை. சரிதானே. கணக்கு நேராக இருந்தது. ஆனால் அன்று பாப்பாவின் மூக்கைத் துடைத்த துணியில் கறுப்பாக ஒரு கோடு இழுபட்டபோது, கணக்கின் மிச்சப் பாதி தானாக வந்து சேர்ந்தது. சுவரெல்லாம் ஏறும் கரி அந்த இரண்டு இடத்திலும் ஏறவில்லை.

அங்கே ஏற வேண்டியது எங்கே போயிற்று?

அந்த வாரமே பாப்பாவுக்கு இழுப்பு வந்தது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் நெஞ்சில் காது குழாயை வைத்து வைத்துப் பார்த்தாள். "வீட்ல யாரு புகைபிடிக்கிறது?"

"யாருமில்லைங்க."

"அடுப்பு எது?" மரத்தூள் என்றதும் நிமிர்ந்தாள். "ஏம்மா, பிஞ்சு நெஞ்சும்மா இது. இன்னொரு தரம் இப்படி வந்தா தாங்காது. அடுப்படி வாசலைக்கூட மிதிக்க விடாதே. முடிஞ்சா அடுப்பை மாத்து."

அடுப்பை மாற்றுவது பற்றிக் கணவன், "பாக்கலாம்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. பாக்கலாம் என்பதற்கு மேல் அவனிடம் ஒன்றுமில்லை.

அவள் தன்னால் ஆனதை வரிசையாகச் செய்தாள். பாப்பாவை முன்னறையில் தொட்டிலில் போட்டாள். நடுக்கதவைச் சாத்தினாள். கதவுக்கடியில் ஈரத்துணியைச் சுருட்டி அடைத்தாள். திரும்பி வந்து அடைத்தது சரியா என்று பார்த்தாள். இனி அந்தச் சின்ன வெள்ளை கறுத்துவிடும். கறுக்க வேண்டும். அது கறுத்தால் பாப்பா தப்பித்தாள் என்று அர்த்தம். ஊசி அக்காவிடம் துணியில் அளவு குறிக்கிற நீலச் சாக்குக்கட்டி வாங்கிவந்து, வெள்ளையின் விளிம்பிலேயே சுற்றிலும் கோடு இழுத்தாள். கோட்டுக்குள் கரி வருகிறதா என்று தினமும் பார்க்கலாம்.

மறுநாள் கோடு வெள்ளைக்கு நடுவில் இருந்தது.

தான்தான் தப்பாக இழுத்திருக்க வேண்டும் என்று எண்ணினாள். அழித்துவிட்டு மறுபடி இழுத்தாள். அடுத்த நாளும் வெள்ளை கோட்டைத் தாண்டியிருந்தது. தலை இன்னும் உருண்டிருந்தது. அந்தக் கையில் விரல்கள் பிரிந்திருந்தன. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், புகை எட்டாத தொட்டிலில், பாப்பாவின் இழுப்பு விசில்போலக் கேட்டது.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. பானையின் அடிக்கரியை இரண்டு கையாலும் வழித்தாள். சின்ன வெள்ளையின் மேல் அப்பினாள். காலில், வயிற்றில், முகத்தில். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். கறுத்துப்போ. கறுத்துத் தொலை. வெள்ளை மறைந்தது. கை கழுவிவிட்டு வந்து பார்த்தாள். இன்னும் மறைந்தே இருந்தது. நெஞ்சு லேசானது.

சாயங்காலம் பாப்பா இருமி இருமி வாந்தி எடுத்தது. பால் இல்லை. சளி இல்லை. ஈரமான கரி. அவள் கை கொள்ளாத அளவுக்கு.

ஓடிப்போய் அடுப்படியைத் திறந்தாள். சின்ன வெள்ளை துடைத்து வைத்ததுபோல் பளபளத்தது.

அன்று இரவு பூராவும் அவள் பாப்பாவை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டே இருந்தாள். நானா. நானேவா. எத்தனை தரம் சரிபார்த்தாலும் அதே இடத்தில்தான் வந்து நின்றது. பொழுது விடிந்ததும் பாப்பாவைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு ஊசி அக்கா வாசலில் நின்றாள். கணவன் மில்லுக்குப் போயிருந்தான்.

"அக்கா, இன்னிக்கு ஒருநாள் வச்சுக்கோங்க. சாயங்காலம் இவளைத் தூக்கிட்டு இந்த வீட்டை விட்டே போயிடுறேன். சோறு மட்டும் இன்னிக்குப் போட்டாகணும். போடலைன்னா அவரை மில்லுல நிக்க விடமாட்டாங்க."

"சொந்தப் புள்ளைக்கு மூச்சில்ல, ஊரான் வயித்துக்குச் சோறா?" என்று சீறினாலும் ஊசி அக்கா கை நீட்டிவிட்டாள். "குடு. வாடி என் கிழிஞ்ச துணி. மிஷின் சத்தம் கேட்டா தூங்கிடுவா. ஓடிக்கிட்டிருக்கிறவரைக்கும் தூங்குறான்னு வச்சுக்க. போ, சீக்கிரம் முடி."

கடைசி நாளாவது புகை குறையட்டும் என்று நன்றாகக் காய்ந்த தூளாகப் பார்த்து எடுத்தாள். இறுக்கினாள். பாட்டிலை உருவினாள். தீ வைத்தாள். சுவரில் சாயாமல் தள்ளி உட்கார்ந்தாள். பக்கத்துச் சுவருக்கப்பால் மிஷின் ஓடிற்று. கடகட, கடகட. தூங்குகிறாள். உலை கொதித்தது. புகை எழும்பிக் கூரையில் முட்டி, துவாரத்தை விட்டு விலகி, எதிர்ச்சுவர் வழியாக இறங்கத் தொடங்கியது. துவாரத்து வெளிச்சம் ஒரு பலகைபோலக் குறுக்கே விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் புகை நகர்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புகை அவள் இடப்பக்கம் வந்ததும் பிரிந்தது.

ஒன்றுமில்லாத இடத்தில். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில். இரண்டாகப் பிரிந்து, எதையோ சுற்றிக்கொண்டு போய், அப்பால் மறுபடி சேர்ந்தது. நடுவில் வெற்றிடம். உருண்டையான தலை. சாய்ந்த உடம்பு.

அவள் சட்டை நுனி லேசாக இழுபட்டது.

பிறகு அந்தச் சத்தம். விசில்போல. மிக அருகில். இழுத்தது. நின்றது. இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் புகையில் ஓர் இழை வளைந்து அந்தத் தலைக்குள் போயிற்று. உள்ளே போனது வெளியே வரவில்லை.

அணைக்க வேண்டும். அதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை. கைக்கு எட்டியது குடம். தூக்கி அப்படியே கவிழ்த்தாள்.

தண்ணீர்.

அடுப்பு ஒரு தரம் விக்கியது. தொண்டைக்குள்ளிருந்து புகை கொப்பளித்து எழுந்தது, மஞ்சளாக, கெட்டியாக, ஈர மரத்தின் அழுகல் நாற்றத்தோடு. கண் எரிந்தது. கதவைத் தேடித் தடவினாள். திறந்தாள். வெளியே ஓடப்போனவள் திரும்பிப் பார்த்தாள்.

சின்ன வெள்ளை கறுத்துக்கொண்டிருந்தது.

காலிலிருந்து. மெல்ல. கிண்ணத்தில் மை நிரம்புவதுபோல. அவள் இத்தனை நாள் கேட்டது இதைத்தான். கறுத்துவிடு, கறுத்துவிடு என்று.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது கறுத்தால் பாப்பா தப்பித்தாள். இல்லை. சுவரில் ஏறாத கரியெல்லாம் பாப்பாவின் உள்ளே போயிற்று. மூச்சு உள்ளே போகிறவரைக்கும்தான் வெள்ளை. கறுத்தால்?

வேண்டாம்.

பாய்ந்து வந்து மண்டியிட்டாள். துடைத்தாள். நகத்தால் சுரண்டினாள். துடைக்கத் துடைக்க ஏறியது. வயிறு போயிற்று. நீட்டிய கை, விரல் விரலாகப் போயிற்று. கழுத்து. கன்னம். முகத்தை மட்டுமாவது. முகத்தை மட்டும். உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்தாள். கரி உள்ளே வரவிடாமல் இறுக்கி, இன்னும் இறுக்கி அழுத்தினாள். சுவர் ஜில்லென்று இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. கைக்கடியில் ஈரமாக, சின்னதாக ஏதோ நெளிந்தது. அவள் விடவில்லை.

கடகட. கடகட. கட.

மிஷின் நின்றது.

"ஏய்," என்றது பக்கத்துச் சுவர், ஊசி அக்காவின் குரலில். அதுவரை அவள் கேட்டிராத குரல். "ஏய், இங்க வாடி. ஓடி வாடி."

அவள் கையை எடுத்தாள்.

பெரிய வெள்ளையைத் தவிர சுவர் முழுக்கக் கறுப்பு. சின்ன உருவம் இருந்த இடமும் கறுப்பு. அதன் முகம் இருந்த இடத்தில் மட்டும், வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தியபடி, ஐந்து விரலும் விரிந்த ஒரு கை வெள்ளை வெளேரென்று பதிந்திருந்தது.